கழுத்தில் ஒளிந்திருந்த நான்கு சுரப்பிகள்

மனித உடலில் மிகுதியாக உள்ள உலோகம் எது? இரும்பு என்று பலர் விடை கூறுவர். இரத்தத்தின் சிவப்பு நிறம் அப்படி எண்ணத் தூண்டுகிறது. ஆனால் வளர்ந்த ஒருவரின் உடலில் உள்ள இரும்பு 3 அல்லது 4 கிராம்தான். கால்சியமோ ஏறத்தாழ 1 கிலோகிராம் இருக்கிறது. வெற்றிலையில் தடவும் சுண்ணாம்பிலும் முட்டை ஓட்டிலும் உள்ள அதே உலோகந்தான் இது. இதில் 100-க்கு 99 பங்கு எலும்பிலும் பல்லிலும் பாஸ்பேட்டுடன் சேர்ந்து படிகமாக உறைந்து கிடக்கிறது.

எஞ்சிய ஒரு பங்கில்தான் நம் கதை அடங்கியிருக்கிறது. ஓர் எளிய கணக்குப் போட்டுப் பார்ப்போம். இரத்தத்தின் திரவப் பகுதியான பிளாஸ்மா நம் உடலில் சுமார் 3 லிட்டர் உள்ளது. அதன் ஒவ்வொரு 100 மில்லிலிட்டரிலும் 8.5 முதல் 10.5 மில்லிகிராம் வரை கால்சியம் கரைந்திருக்கிறது. ஆக மொத்தம் 300 மில்லிகிராம் அளவுதான். உடலில் உள்ள கால்சியத்தில் மூவாயிரத்தில் ஒரு பங்கு!

இந்தச் சிறு அளவு வெகுவாகக் குறைந்தால் தசைகள் இறுகிப் பிடித்துக்கொள்ளும், வலிப்பு வரும், குரல்வளை அடைபட்டு உயிரே போகலாம். வெகுவாகக் கூடினால் வாந்தி, மனக் குழப்பம், சிறுநீரகக் கல், இதயத் துடிப்பில் கோளாறு ஆகியவை தோன்றும். நாம் விருந்து உண்டாலும் பட்டினி கிடந்தாலும் இந்த அளவு அந்தக் குறுகிய எல்லைக்குள்ளேயே நிற்கிறது. நிறுத்தி வைப்பது யார்? இக்கேள்விக்கு விடை காண நூறு ஆண்டுகளுக்கும் மேல் ஆயிற்று. இடையில் காரணத்தை விளைவு என்று எண்ணி மருத்துவர்கள் தவறான பக்கம் சென்றதும் உண்டு.

காண்டாமிருகத்தின் கழுத்தில்

லண்டன் விலங்குக் காட்சிச் சாலையில் 1834 முதல் வளர்ந்து வந்த இந்தியக் காண்டாமிருகம் ஒன்று 1849-இல் இறந்தது. அதன் உடலை அறுத்து ஆராயும் பணி புகழ்பெற்ற உடற்கூற்று அறிஞர் ரிச்சர்டு ஓவனிடம் வந்தது. அப்பெரும் விலங்கின் கழுத்தில், தைராய்டு சுரப்பியை ஒட்டி, மஞ்சள் நிறமான சிறு உறுப்பு ஒன்று இருப்பதை ஓவன் கண்டார், குறித்தும் வைத்தார். அதற்கு மேல் அவரும் செல்லவில்லை, பிறரும் கவனிக்கவில்லை.

1877-இல் ஸ்வீடன் நாட்டு உப்சாலா பல்கலைக் கழகத்தில் மருத்துவ மாணவராக இருந்த ஈவார் சாண்ட்ஸ்ட்ரோம் ஒரு நாயின் கழுத்தில் இதே போன்ற உறுப்பைக் கண்டார். மனித உடலிலும் இருக்கக்கூடும் என்று கருதி ஐம்பது உடல்களை ஆராய்ந்தார். பெரும்பாலும் நான்கு சுரப்பிகள், தைராய்டின் பின்புறத்தில், பக்கத்துக்கு இரண்டாக இருந்தன. ஒவ்வொன்றும் உளுந்தம்பருப்பு அளவுதான்; எடை 30 முதல் 50 மில்லிகிராம். அருகில் இருப்பது என்னும் பொருள்பட அவற்றுக்குப் பாராதைராய்டு என்று பெயரிட்டு 1880-இல் கட்டுரை வெளியிட்டார். அது வேண்டிய கவனத்தைப் பெறவில்லை. தாம் கண்ட உறுப்பு என்ன வேலை செய்கிறது என்பதை அறியாமலேயே 1889-இல், 37-ஆம் வயதில், சாண்ட்ஸ்ட்ரோம் மறைந்தார்.

அறுவை மேசையில் ஒரு புதிர்

அதே காலத்தில் ஐரோப்பாவின் அறுவை மருத்துவர்கள் முன்கழுத்துக் கழலையை, அதாவது வீங்கிய தைராய்டு சுரப்பியை, அறுத்து எடுக்கத் தொடங்கியிருந்தனர். வியன்னாவில் பில்ராத்தும் ஸ்விட்சர்லாந்தின் பெர்ன் நகரில் கோக்கரும் இத்துறையில் முன்னணியில் நின்றனர். ஆனால் இருவரின் நோயாளிகளுக்கும் வெவ்வேறு வகைத் துன்பம் நேர்ந்தது. கோக்கரின் நோயாளிகள் பல மாதங்களுக்குப் பின் உடல் ஊதி, மந்தமாயினர். பில்ராத்தின் நோயாளிகள் சிலருக்கோ அறுவை முடிந்த சில நாள்களிலேயே விரல்கள் மடங்கி இறுகின. கை கால்களில் கடும் பிடிப்பு ஏற்பட்டது. சிலர் இறந்தனர். இந்நிலையை டெட்டனி என்பர். புண் வழியே கிருமி புகுந்து வரும் டெட்டனஸ் நோய் வேறு, இது வேறு.

ஒரே அறுவைக்கு ஏன் இரு விளைவுகள்? பிற்காலத்தில் அமெரிக்க அறுவை மருத்துவர் ஹால்ஸ்டெட் இதற்கு விளக்கம் கூறினார். கோக்கர் நிதானமாகவும் நுட்பமாகவும் அறுப்பவர். தைராய்டை முழுமையாக எடுத்தாலும் அண்டையிலுள்ள உறுப்புகளைத் தொடமாட்டார். பில்ராத் விரைவாக அறுப்பவர். தைராய்டில் சிறிது தங்கிவிடும். ஆனால் பின்னால் இருக்கும் சிறு சுரப்பிகள் சேதமாகிவிடும்.

1891-இல் பாரிஸ் நகரில் க்ளே என்பவர் முயல்களை வைத்துச் சோதனை நடத்தி, தைராய்டை ஒட்டிய இச்சிறு சுரப்பிகளையும் சேர்த்து எடுத்தால்தான் டெட்டனி வருகிறது என்று காட்டினார். 1896-இல் இத்தாலியில் வசாலே, ஜெனராலி என்னும் இருவர் தைராய்டை அப்படியே விட்டுப் பாராதைராய்டுகளை மட்டும் நீக்கினர். விலங்குகள் டெட்டனி கண்டு மடிந்தன. உளுந்து அளவான இச்சுரப்பிகள் இன்றி உயிர் வாழ முடியாது என்பது உறுதியாயிற்று. ஆனால் அவை செய்யும் வேலை என்ன?

லண்டன் குழாய் நீர்

இக்கேள்விக்கு உதவக்கூடிய செய்தி ஒன்று வேறொரு மூலையில் காத்திருந்தது. லண்டனில் சிட்னி ரிங்கர் என்னும் மருத்துவர் தவளையின் இதயத்தை வெளியே எடுத்து, உப்புக் கரைசலில் வைத்துத் துடிக்கச் செய்யும் சோதனைகளை நடத்தி வந்தார். 1882-இல் அவருடைய கரைசலில் இதயம் நெடுநேரம் துடித்தது. பின்னர், அக்கரைசலைத் தயாரித்த உதவியாளர் காய்ச்சி வடித்த நீருக்குப் பதிலாக லண்டன் நகரக் குழாய் நீரைப் பயன்படுத்தியது தெரிய வந்தது. காய்ச்சி வடித்த நீரில் கரைசல் செய்தபோது இதயம் விரைவில் நின்றுவிட்டது. குழாய் நீரில் இருந்த கால்சியமே துடிப்பைக் காத்தது என்று ரிங்கர் 1883-இல் அறிவித்தார். இன்று மருத்துவமனைகளில் நரம்பு வழியே ஏற்றப்படும் ரிங்கர் லாக்டேட் திரவம் இந்த ஆராய்ச்சியின் வழி வந்ததே.

எலும்புக்கு உறுதி தரும் வெறும் கட்டுமானப் பொருள் அன்று கால்சியம். தசையும் நரம்பும் இயங்க அது வேண்டும் என்பது இவ்வாறு தெரிந்தது. நரம்பைச் சுற்றியுள்ள திரவத்தில் கால்சியம் அயனிகள் போதிய அளவு இருந்தால் நரம்பின் மின் நிலை உறுதியாக நிற்கிறது. அவை குறைந்தால் சிறு தூண்டலுக்கும், தூண்டல் இல்லாமலும்கூட, நரம்பு துடித்துத் தசையை இழுக்கிறது. டெட்டனியின் இரகசியம் இதுதான்.

நஞ்சா, பற்றாக்குறையா?

ஆனால் இரண்டு செய்திகளையும் ஒன்று சேர்க்கக் கால் நூற்றாண்டு ஆயிற்று. 1909-இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் மக்காலம், வோக்ட்லின் ஆகியோர் பாராதைராய்டு நீக்கப்பட்ட நாய்களின் இரத்தத்தில் கால்சியம் குறைந்திருப்பதைக் கண்டனர். கால்சியம் உப்பை ஊசி வழியே செலுத்தியதும் துடித்துக்கொண்டிருந்த நாய் விரைவில் அமைதியுற்றது.

இத்துடன் வழக்கு முடிந்திருக்க வேண்டும், முடியவில்லை. உடலில் உண்டாகும் ஏதோ ஒரு நஞ்சை இச்சுரப்பிகள் முறிக்கின்றன என்ற கருத்து வலுவாக நிலவியது. கிளாஸ்கோ நகர விஞ்ஞானி நோயல் பேட்டன் போன்றோர் குவானிடின் என்னும் பொருளே அந்த நஞ்சு என்று வாதிட்டனர். வேறு சில உப்புகளும் டெட்டனியை ஓரளவு தணித்ததால் ஐயம் வளர்ந்தது. அன்றி, சிறிதளவு இரத்தத்தில் உள்ள கால்சியத்தைத் துல்லியமாக அளக்க எளிய முறையும் அப்போது இல்லை. 1921-இல் கிராமர், டிஸ்டால் ஆகியோர் அத்தகைய முறையை வகுத்த பிறகுதான் தெளிவு பிறந்தது.

1925-இல் கனடாவின் எட்மண்டன் நகரில் காலிப் என்பவர் மாட்டின் பாராதைராய்டுகளைச் சூடான ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் இட்டுச் சாறு எடுத்தார். டொரண்டோவில் இன்சுலினைத் தூய்மைப்படுத்திக் கொடுத்த அதே காலிப்தான் இவர். அமெரிக்க மருத்துவர் ஹான்சனும் இதே போன்ற சாற்றைத் தனியே தயாரித்திருந்தார். இச்சாற்றைச் செலுத்தியபோது நாய்களின் இரத்தக் கால்சியம் உயர்ந்தது, டெட்டனி மறைந்தது. அளவு மீறிச் செலுத்தினால் கால்சியம் மிகவும் ஏறி நாய்கள் மாண்டன. நஞ்சுக் கொள்கை இத்துடன் விழுந்தது. பாராதைராய்டு ஒரு நாளமில்லாச் சுரப்பி. அதன் ஹார்மோன் இரத்தத்தில் கால்சியத்தை உயர்த்துகிறது.

காரணமும் விளைவும் இடம் மாறின

சுரப்பி குறைந்தால் வரும் கேடு தெரிந்தது. மிகுந்தால்? எலும்புகள் மெலிந்து, வளைந்து, தானாகவே முறியும் ஒரு கொடிய நோய் அக்காலத்தில் அறியப்பட்டிருந்தது. இந்நோயால் இறந்தோரின் கழுத்தில் பாராதைராய்டு பெருத்திருப்பதும் தெரிந்திருந்தது. வியன்னாவின் நோய்க்கூற்று அறிஞர் எர்டைமின் கருத்தைப் பின்பற்றிப் பலர் இதற்கு ஒரு விளக்கம் கூறினர். எலும்பு கெட்டுவிட்டது, அதை ஈடுசெய்யச் சுரப்பி பெருத்து உழைக்கிறது என்றனர். அப்படியானால் மருத்துவம் என்ன? இன்னும் கொஞ்சம் பாராதைராய்டு கொடுப்பதுதானே!

1925-இல் வியன்னாவில் டிராம் கண்டக்டர் ஒருவர் இந்நோயால் நடக்க முடியாத நிலையில் மருத்துவமனையில் கிடந்தார். அறுவை மருத்துவர் ஃபெலிக்ஸ் மாண்டல் முதலில் வழக்கமான கருத்தின்படியே நடந்தார். பாராதைராய்டுச் சாறு கொடுத்தார். பிறகு இறந்த ஒருவரின் பாராதைராய்டை எடுத்து நோயாளியின் உடலில் பதித்தார். பயன் இல்லை. அதன் பின் மாண்டல் துணிந்து எதிர்த் திசையில் சிந்தித்தார். பெருத்த சுரப்பி நோயின் விளைவாக இல்லாமல் நோய்க்குக் காரணமாக இருந்தால்? 1925 ஜூலையில் கழுத்தைத் திறந்து கட்டியாகியிருந்த ஒரு பாராதைராய்டை வெட்டி எடுத்தார். சிறுநீரில் வெளியேறிக்கொண்டிருந்த கால்சியம் சட்டெனக் குறைந்தது. வலி நீங்கியது. எலும்புகள் தேறின. படுத்த படுக்கையாக இருந்தவர் கோலூன்றி நடந்தார். சில ஆண்டுகளுக்குப் பின் நோய் திரும்பியது என்றாலும், மாண்டல் மெய்ப்பித்த உண்மை நிலைத்தது.

எர்டைம் கூறியதும் முழுத் தவறன்று. உணவில் கால்சியமோ வைட்டமின் டி-யோ குறையும்போது இரத்த அளவைக் காக்கப் பாராதைராய்டுகள் உண்மையாகவே பெருக்கின்றன. அங்கே அவை விளைவு. கட்டி உண்டாகும்போது அவை காரணம். தோற்றம் ஒன்று, பொருள் இரண்டு.

கேப்டனும் ஏழு அறுவைகளும்

அமெரிக்காவில் இதே நோய் ஒரு வணிகக் கப்பல் கேப்டனைத் தாக்கியிருந்தது. ஆறடிக்கு மேல் உயரமாக இருந்தவர். முதுகெலும்புகள் நசுங்கியதால் ஆண்டுக்கு ஆண்டு குறுகி, ஏறத்தாழ 7 அங்குலம் உயரம் இழந்தார். கை கால்கள் பலமுறை முறிந்தன. சிறுநீரகத்தில் கற்கள் தோன்றின. 1926-இல் நியூயார்க் மருத்துவர் டூபோய்ஸ் அவருடைய இரத்தத்தில் கால்சியம் மிகுந்திருப்பதைக் கண்டு, பாராதைராய்டின் மிகை வேலையே காரணம் என்று ஊகித்தார். பாஸ்டன் நகர மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் அப்போது ஆப் என்பவர் ஈய நஞ்சு ஏறிய தொழிலாளர்களுக்குப் பாராதைராய்டுச் சாறு கொடுத்து, எலும்பில் புதைந்த ஈயத்தை வெளியேற்ற முயன்று வந்தார். ஆகவே சாறு மிகுந்தால் உடலில் என்ன நிகழும் என்று அறிந்தவர்கள் அங்கே இருந்தனர். கேப்டன் அங்கு அனுப்பப்பட்டார்.

1926 முதல் ஆறு முறை அறுவை செய்தும் கட்டி அகப்படவில்லை. கேப்டன் சோர்ந்துவிடவில்லை. மருத்துவ நூலகத்துக்குச் சென்று தம் நோயைப் பற்றிப் படித்தார். கட்டி மார்புக்குள் இருக்கலாம், அங்கும் தேடுங்கள் என்று மருத்துவர்களை வற்புறுத்தினார். கருவில் கீழ்ப் பாராதைராய்டுகள் தைமஸ் சுரப்பியுடன் சேர்ந்து தோன்றிக் கீழ்நோக்கி நகர்கின்றன. சிலரிடம் அவை கழுத்தில் நிற்காமல் மார்புக்குள் இறங்கிவிடுவதும் உண்டு. 1932-இல் ஏழாம் அறுவையில் மார்பைத் திறந்தபோது கட்டி அங்கேதான் இருந்தது. மிகுதியையும் எடுத்துவிட்டனர்.

வெற்றிதான், ஆனால் காலம் கடந்த வெற்றி. நெடுநாள் கால்சியத்தை இழந்து பசித்திருந்த எலும்புகள், ஹார்மோன் குறைந்ததும் இரத்தத்திலிருந்து கால்சியத்தை வேகமாக உறிஞ்சத் தொடங்கின. இரத்த அளவு விழுந்து டெட்டனி வந்தது. சிறுநீர்க் குழாயில் ஒரு கல்லும் அடைத்துக்கொண்டது. அதற்கான அறுவைக்குப் பின், ஏழாம் அறுவை நடந்து ஆறு வாரத்தில், கேப்டன் இறந்தார். அவரிடம் கற்ற பாடங்களால் அடுத்து வந்த நோயாளிகள் பலர் பிழைத்தனர்.

பாஸ்டனில் இந்நோயை ஆராய்ந்த ஃபுல்லர் ஆல்பிரைட் இன்னொன்றும் கண்டார். இந்த ஹார்மோன் சிறுநீரகத்தின் வழியே பாஸ்பேட்டை வெளியேற்றுகிறது. இதன் பயன் என்ன? எலும்புப் படிகம் கரையும்போது கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்தே வெளிவரும். இரண்டும் இரத்தத்தில் கூடினால் கரைசல் செறிவுற்று, மறுபடியும் உப்பாகப் படியத் தொடங்கும். ஒன்றை வெளியே அனுப்பினால்தான் மற்றொன்று கரைந்த நிலையில் நிற்க முடியும். வேதியியல் வகுப்பில் படிக்கும் கரைதிறன் பெருக்கத்தை உடல் அன்றாடம் கையாளுகிறது! ஹார்மோன் எலும்பில் வேலை செய்கிறதா, சிறுநீரகத்திலா என்று நெடுநாள் நடந்த விவாதம், இரண்டிலும் என்ற முடிவுக்கு வந்தது. சிறுநீரகம் ஒரு நாளில் சுமார் 10 கிராம் கால்சியத்தை வடிகட்டி, அதில் 100-க்கு 98 பங்கை மீட்டுத் தருகிறது என்பதை நோக்கினால் அதன் முக்கியத்துவம் விளங்கும்.

வெயிலும் சிறுநீரகமும்

எலும்பிலிருந்து எடுத்துக்கொண்டே இருந்தால் கையிருப்புத் தீர்ந்துவிடும். உணவிலிருந்து வரவு வேண்டும். அதற்குரிய பொருளின் கதையும் 1919-இல் தொடங்குகிறது. குழந்தைகளின் எலும்பு வளையும் ரிக்கெட்ஸ் நோயை நாய்க்குட்டிகளில் உண்டாக்கி, மீன் எண்ணெயால் அதைத் தடுக்கலாம் என்று லண்டனில் மெலன்பி காட்டினார். அதே ஆண்டில் பெர்லினில் ஹுல்ட்சின்ஸ்கி, ரிக்கெட்ஸ் கண்ட குழந்தைகளின்மீது புற ஊதாக் கதிர்களை விழச் செய்து குணப்படுத்தினார். ஒரு கையில் மட்டும் கதிர் பட்டாலும் மறு கையின் எலும்பும் தேறியது. தோலில் உண்டான ஏதோ ஒரு பொருள் இரத்தத்தின் வழியே பயணம் செய்கிறது என்பதை இது உணர்த்தியது. மீன் எண்ணெயில் உள்ள அப்பொருளுக்கு 1922-இல் மக்காலம் என்னும் வேறொரு விஞ்ஞானி வைட்டமின் டி என்று பெயரிட்டார்.

ஓரிடத்தில் தோன்றி இரத்தத்தில் கலந்து வேறிடத்தில் வேலை செய்வது ஹார்மோனின் இலக்கணம் அல்லவா? 1968 முதல் 1971 வரை அமெரிக்காவில் டெலூகா, இங்கிலாந்தில் கோடிசெக் முதலியோரின் குழுக்கள் இதைத் தெளிவுபடுத்தின. வைட்டமின் டி முதலில் கல்லீரலிலும் அடுத்துச் சிறுநீரகத்திலும் மாற்றம் பெற்ற பிறகே வேலைக்குத் தகுதியாகிறது. அதன் பின் அது குடலை ஏவி உணவிலுள்ள கால்சியத்தை உறிஞ்ச வைக்கிறது. சிறுநீரகத்தில் நடக்கும் மாற்றத்தைத் தூண்டுவது யார்? பாராதைராய்டு ஹார்மோனேதான். எலும்பு, சிறுநீரகம், குடல் மூன்றும் இவ்வாறு ஒரே கட்டளையின் கீழ் வந்தன.

எதிர்த் திசையில் வேலை செய்யும் ஹார்மோன் ஒன்றும் உண்டு. கனடாவின் வான்கூவர் நகரில் காப் என்பவர் 1961-இல் அதைக் கண்டு கால்சிடோனின் என்று பெயரிட்டார். பாராதைராய்டில் சுரப்பதாக முதலில் அவர் கருதினார். தைராய்டில் உள்ள தனி வகைச் செல்களில் சுரக்கிறது என்று பின்னர்த் தெளிவாயிற்று. ஆனால் மனிதனிடம் இதன் பங்கு சிறியதே. தைராய்டு முழுவதும் நீக்கப்பட்டவர்களிடம் பாராதைராய்டுகள் நலமாக இருந்தால் கால்சியம் ஒழுங்காகவே நிற்கிறது.

இயற்பியல் கொடுத்த தராசு

இரத்தத்தில் இந்த ஹார்மோனின் அளவு மிக மிகக் குறைவு. 84 அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலியான அது சில நிமிடங்களில் சிதைந்தும் விடுகிறது. அதை அளக்க வழி காட்டியவர் மருத்துவர் அல்லர். அணுக்கரு இயற்பியலில் டாக்டர் பட்டம் பெற்ற ரோசலின் யாலோ அம்மையார். அவரும் பெர்சனும் கதிரியக்க அணுவை அடையாளமாகப் பொருத்தி நுண்ணளவு ஹார்மோனை அளக்கும் முறையை இன்சுலினுக்காக வகுத்தனர். 1963-இல் பாராதைராய்டு ஹார்மோனையும் அதே வழியில் அளந்தனர். 1977-இல் யாலோவுக்கு நோபல் பரிசு கிடைத்தது. மாண்டலும் கேப்டனின் மருத்துவர்களும் ஊகத்தால் தேடிய ஒன்றை இன்று இரத்தச் சோதனையில் எண்ணாகவே பார்க்கலாம்.

கடைசியாக ஒரு கேள்வி எஞ்சியது. கால்சியம் குறைந்ததைச் சுரப்பி எப்படி அறிகிறது? மின் இஸ்திரிப் பெட்டியில் சூடு ஏறினால் உலோகப் பட்டை வளைந்து மின்சாரத்தைத் துண்டிக்கிறது. ஆறினால் மீண்டும் இணைக்கிறது. பாராதைராய்டிலும் அத்தகைய பட்டை ஒன்று இருக்க வேண்டும். 1993-இல் பாஸ்டனில் பிரவுன், ஹெபர்ட் ஆகியோரின் குழு, மாட்டின் பாராதைராய்டிலிருந்து அதைக் கண்டுபிடித்தது. செல்லின் உறையில் பதிந்துள்ள ஒரு புரதம் அது. கால்சியம் அயனிகள் வந்து அதில் ஒட்டினால் ஹார்மோன் சுரப்பு அடங்குகிறது. அயனிகள் குறைந்தால் சுரப்பு பெருகுகிறது.

இவ்வரலாறு நமக்குச் சொல்லும் நடைமுறைச் செய்தி ஒன்று உண்டு. இந்த ஏற்பாடு முதலில் காப்பது இரத்தத்தை, எலும்பை அன்று. உணவில் கால்சியமும் உடலில் வெயிலும் போதாதபோது சுரப்பிகள் எலும்பைக் கரைத்தேனும் இரத்த அளவைச் சரியாக வைத்திருக்கும். ஆகவே இரத்தச் சோதனையில் கால்சியம் சரியாக இருக்கிறது என்பதால் எலும்பும் உறுதியாக இருக்கிறது என்று கொள்ளக்கூடாது. இதே ஹார்மோனைத் தொடர்ந்து பெருகவிட்டால் எலும்பு தேய்கிறது. ஆனால் அதன் ஒரு பகுதியை நாளுக்கு ஒரு முறை சிறு ஊசியாகச் செலுத்தினால் எலும்பு வளர்கிறது. இவ்வகை மருந்து எலும்பு மெலிவு நோய்க்கு 2002-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

இன்று தைராய்டு அறுவை செய்யும் மருத்துவர் அந்நான்கு சுரப்பிகளையும் தேடிக் காப்பாற்றுகிறார். அறுவைக்குப் பின் நோயாளியின் கால்சியத்தை அளந்து பார்க்கிறார். விரல்கள் மரத்து இறுகத் தொடங்கினால் என்ன செய்ய வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். பில்ராத் காலத்தில் புரியாத சாவாக இருந்தது, இன்று கால்சியம் ஊசியாலும் மாத்திரையாலும் தீரும் குறையாகிவிட்டது.